நாய் என்ன தின்னுச்சு?

நாய் ஆஸ்பத்திரி வேலையில் கடி வாங்குவது சீக்கிரம் பழகிவிடும். பொய் கேட்பதுதான் பழகவே பழகாது.

ப்ளஸ் ஒன் பாதியில் படிப்பை விட்டுவிட்டு நாமக்கல்லில் ஒரு தனியார் நாய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். நாயைப் பிடிப்பது, கடிக்காமலிருக்க வாய்க்கட்டுப் போடுவது, மூத்திரம் துடைப்பது என் வேலை. "நாய் என்ன தின்னுச்சு?" என்று கேட்பதும் என் வேலைதான். ஒரே கேள்வியை நாளெல்லாம் கேட்டு, ஒரே பொய்யை நாளெல்லாம் வாங்கிக்கொள்கிறவர்களுக்கு என் கடுப்பு புரியும். இப்போது கொஞ்ச காலமாகக் கஞ்சா சாக்லேட் தின்ற நாய்கள் வருகின்றன. நம்ப மாட்டீர்கள். முதல் நாய் வரும்வரை நானும் நம்பவில்லை.

தடியோடு வந்தவன்

வெண்ணந்தூரிலிருந்து ஒரு அம்மா தன் நாயைக் குட்டியானை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார். நாய் பேர் ராஜா. நாலு காலையும் கயிற்றில் கட்டியிருந்தார்கள். பின்னாலேயே பைக்கில் தடியோடு ஒருத்தன். அந்த அம்மா வைத்திருக்கும் விசைத்தறியை ஓட்டுகிற ஆளாம். "எச்சி ஒழுகுது, தள்ளாடுது. வெறிதானுங்க. நான் அப்பவே அடிச்சுப் போட்டிருப்பேன், இவுங்கதான் உடல" என்றான். அந்த அம்மா, "வெறின்னா ஊசி போட்டு முடிச்சுருங்க சாமி. ஊட்டுல கொழந்தைங்க இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மா எட்ட நின்று பார்த்தார். நாய் தூங்கி வழிகிறது. கதவைச் சாத்தினால் தூக்கிவாரிப் போடுகிறது. மூத்திரம் அதுபாட்டுக்குச் சொட்டுகிறது. "என்ன தின்னுச்சு?" என்றேன். "மோருஞ்சோறுந்தானுங்க" என்றார் அந்த அம்மா. அந்த நேரம் பார்த்து ராஜா வாந்தி எடுத்தது. பழுப்புக் குழம்பு, நடுவில் பளபளவென்று பச்சைத்தாள். தடி கீழே விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். தறிக்காரன் முகம் செத்துக் கிடந்தது. தறிக்கொட்டாயில் மாட்டியிருந்த அவன் சட்டைப்பையில் இருந்த கஞ்சா சாக்லேட்டாம் அது. ராஜாவுக்கு டிரிப் போட்டு, போர்வை போர்த்தி, சத்தமில்லாத இருட்டறையில் விட்டோம். எதற்கும் கொஞ்ச நாள் தனியாகக் கட்டிவைத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. மறுநாள் ராஜா வாலாட்டிக்கொண்டு எழுந்தது. அந்த அம்மா தறிக்காரனைக் கூப்பிட்டு, கிடந்த தடியைக் காட்டிக் கேட்டார்: "இப்ப இதுல ஆர அடிக்கலாம், நீயே சொல்றா!"

லாரிக்காரர்

ஒரு லாரி டிரைவர் கைக்குள் அடங்குகிற குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி நேராக டாக்டரம்மாவின் கதவருகே போய், எல்லோர் காதிலும் விழ, "கஞ்சா சாக்லேட்டுங்க. என்னுதுதான். சீட்டுக்கடியில வச்சிருந்தேன், தின்னுருச்சு" என்றார். பொமரேனியனோடு வந்திருந்த ஒரு பெண் நாயையும் தன்னையும் சேர்த்து நகர்த்திக்கொண்டார். குட்டி சில்லென்று கிடந்தது. நெஞ்சு மெதுவாக அடித்தது. சின்ன உடம்புக்கு அது பெரிய அளவு, சாக்லேட்டே நாய்க்கு விஷம் வேறு. காரணம் தெரிந்ததால் டாக்டரம்மா ஒரு நிமிஷத்தை வீணாக்கவில்லை. குட்டி பிழைத்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அத்தன பேர் முன்னால சொன்னீங்களே, பயமா இல்லீங்களா?" என்றேன். "போலீசு புடிச்சா ஜாமீன் எடுத்துக்கலாம் கண்ணு, குட்டி செத்துப்போனா எந்தக் கோர்ட்டுல போய் நிக்கறது?"

அட்டை முட்டை

எங்கள் பக்கம் நாய்க்கு யாராவது மருந்து வைத்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால், பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றுவார்கள். விஷம் முறியுமாம். ஒரு நாள் கோழிப்பண்ணைக்காரர் ஒருவரின் நாய் வந்தது; அவர் வீட்டில் முட்டைக்கா பஞ்சம்? ஜிம்மி என்ற அந்த லேப்ரடார் பாதி மயக்கத்தில் இருந்தபோது, வாயைப் பிளந்து ஒரு அட்டை, முப்பது முட்டையையும் ஊற்றிவிட்டார்கள். கொண்டுவரும்போது மூக்கு வழியாக மஞ்சள்கரு வந்தது. மூச்சு கொரகொரவென்றது. எத்தனையோ புண்ணும் புழுவும் பார்த்த நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "மயக்கத்துல முழுங்கத் தெரியாது. எல்லாம் நுரையீரலுக்குப் போயிருச்சு" என்றார் டாக்டரம்மா.

என்ன தின்னுச்சு என்று எல்லோரையும் கேட்டேன். "பக்கத்துத் தோட்டத்துக்காரன் மருந்து வச்சுட்டானுங்க, வேலித் தகராறுங்க" என்று பண்ணைக்காரர் கத்தினார். பள்ளிக்கூடம் போகிற மகன் மட்டும் என் பக்கம் பார்க்கவே இல்லை. சாயங்காலம் ஜிம்மி செத்துப்போனது. நான் துணி போர்த்தும்போது அந்தப் பையன் வந்து நின்றான். ஸ்கூல் பையில் வைத்திருந்த கஞ்சா சாக்லேட்டாம். அப்பா முட்டை உடைக்கும்போது பக்கத்திலேயே நின்றானாம். அட்டையைப் பிடித்துக்கொண்டதே அவன்தானாம். முட்டை ஊற்றாமல் கொண்டுவந்திருந்தால் அநேகமாகப் பிழைத்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை அவனும் கேட்டிருந்தான். "அக்கா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றான். வெளியே அவன் அப்பா, பக்கத்துத் தோட்டத்துக்காரனை வெட்டப்போவதாகப் போனில் கத்திக்கொண்டிருந்தார். நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் போனை அணைத்தார். படியில் உட்கார்ந்தார். முட்டை காய்ந்து ஒட்டியிருந்த தன் கையையே பார்த்துவிட்டு மகனிடம் சொன்னார்: "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்த முட்டையத் தொட்டிருக்க மாட்டனே சாமி!"

இந்த வேலையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வந்ததும் நாய்க்கு வாய்க்கட்டுப் போட வேண்டும், கூட வந்தவர்களுக்கு அவிழ்க்க வேண்டும்.