யாரும் சொல்லித் தராத சொல்

காலை ஒன்பது நாற்பது. குன்றத்தூர் பேச்சுப் பயிற்சி மையத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிய ஒரு பெண்ணின் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டை. சுங்குவார்சத்திரம் பக்கம் நைட் ஷிப்ட் முடித்து, மகளைக் கூட்டிக்கொண்டு நேராக வந்திருந்தாள்.

அவள் மகளுக்கும் என் மகளுக்கும் ஐந்து வயது. இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. இருவருக்கும் அறுவை செய்து, ஒலியைக் கேட்க வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி பொருத்தியிருந்தது. என் மகளுக்கு மூன்று வருடங்களுக்கு முன்பு, அவள் மகளுக்கு ஒன்றரை வருடத்துக்கு முன்பு. இந்த வித்தியாசத்தை நான் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நாளிதழில் பிழை திருத்தும் வேலையை விட்டுவிட்டு மகளோடு உட்கார்ந்தவள் நான். தினம் பத்துச் சொல். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று என் மகள் முழு வாக்கியமாகச் சொல்வாள். கேட்பவர்கள் வியப்பார்கள். அது எனக்குப் பிடிக்கும்.

அன்று டீச்சர் எதையோ துணியால் மூடி மேசையில் வைத்தார். அந்தப் பெண்ணின் மகள் துணியைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாது இது? காட்டு!"

அவள் அம்மாவுக்குத் தூக்கம் கலைந்து சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ டீச்சர், நான் சொல்லித் தர்ல. எங்க வூட்டுக்காரரு எந்நேரமும் போன்ல பேசிக்கினே இருப்பாரு. இது பக்கத்துல வெளாடிக்கினு அத்த அப்டியே புடிச்சிக்கிது."

"பாப்பா, 'என்ன இது'ன்னு சொல்லணும்" என்றேன்.

சிறுமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போ!"

"அடியே! தப்பா நெனச்சிக்காதீங்கக்கா, அப்பன் வாய் அப்டியே வந்துகீது."

"திருத்தாதீங்கம்மா" என்றார் டீச்சர் என்னிடம். "இதுக்காகத்தான் நாங்க காத்துக்கிட்டு இருக்கோம். யாரோ யார்கிட்டயோ பேசினத, வாயப் பாக்காம காதால வாங்கியிருக்கா. உங்க பொண்ணு அப்படி ஏதாவது சொல்லியிருக்காளா? நீங்க சொல்லித் தராத ஒரு வார்த்தை?"

யோசித்தேன். அவளுக்குத் தெரிந்த ஒவ்வொரு சொல்லும் என் நோட்டில் தேதியோடு இருந்தது.

வெளியே வரும்போது அந்தப் பெண்ணிடம், வீட்டில் தினம் எவ்வளவு நேரம் பயிற்சி கொடுக்கிறாள் என்று கேட்டேன்.

"எங்கக்கா நேரம்? ஷிப்ட் முடிஞ்சா ஓ.டி., ஓ.டி. முடிஞ்சா தூக்கம்" என்று சொல்லிக் கொட்டாவி விட்டாள். அந்தக் கொட்டாவியின் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது.

அன்று மாலை மகளை எதிரில் உட்காரவைத்து, "இன்னாது இது?" என்றேன். என் வாயில் அது செய்தி வாசிப்பது போல வந்தது. மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை அவள் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை என் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.