கேக்குதா

குன்னத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வந்துபோன லைன்மேனின் பெயர் எனக்குத் தெரியாது. காக்கிச் சட்டை, வருஷக்கணக்காகக் கம்பம் ஏறித் தேய்ந்துபோன முழங்கால்கள். எதையும் விரலால் தொட்டு முகர்ந்து பார்ப்பது அவர் பழக்கம்.

எண்பதுகளில் ஒரு கோடையில் ஊர் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. மோட்டார் ஓடாமல் எங்கள் வெங்காயப் பயிர் எட்டு நாளாகக் காய்ந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த லைன்மேன் சலிப்போடு சொன்னார்: "உள்ள பாதி எண்ணகூட இல்ல. கம்பிக்குக் கம்பி கரண்ட் தாவாம தடுக்குறதே அந்த எண்ணதான். யாரோ வால்வத் தொறந்து புடிச்சிருக்காங்க."

அந்த எண்ணெயைத் தேய்த்தால் மூட்டுவலி போகும் என்று ஊரே நம்பியது. எங்கள் வீட்டு மாடத்திலும் ஒரு பாட்டில் இருந்தது.

தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். மூட்டுக்கு அதைத் தேய்த்த கையாலேயே அம்மா செம்பை நீட்டினாள். அவர் குடித்துவிட்டு, செம்பைத் தொட்ட விரலை முகர்ந்தார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆபீஸுக்கு ஒரு வரி எழுதிப்போட்டால் வாசலுக்குப் போலீஸ் வரும்.

செம்பைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்.

"வலிக்குக் கேக்குதாம்மா?"

"கேக்கலீங்க," என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

"எனக்குந்தான் கேக்கல," என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

போலீஸ் வரவில்லை. வெங்காயமும் பிழைக்கவில்லை. அவர் தன் காலுக்கு எந்த ஊர் எண்ணெயைப் பிடித்தார் என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.