அண்ணன் போடாத ஒரு கோடு

இதை எழுத எனக்கு ஆறு வருடம் ஆனது. அண்ணனின் கருமாதிக்கு அச்சடித்த மலரில் நான் நாலு வரிதான் எழுதினேன். அன்பானவர், உழைப்பாளி, தெய்வபக்தி உள்ளவர், விபத்தில் இறைவனடி சேர்ந்தார் என்று. அந்த விபத்து எப்படி நடந்தது என்று எழுதவில்லை. பத்தாவதோடு நின்றவன், எழுதத் தெரியாமல் விட்டுவிட்டான் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். தெரிந்தேதான் விட்டேன். ஒவ்வொரு திவசத்துக்கும் பேனாவை எடுப்பேன், பயந்து மூடி வைப்பேன். இந்த வருடம் காணிப்பாக்கத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். மூடவில்லை.

அண்ணன் நகரிப் பக்கத்துக் கிராமத்தில், கூலி வேலை செய்த எங்கள் நைனாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நைனா போனபோது அவருக்குப் பதினாலு வயது, எனக்கு ஆறு. படிப்பை விட்டு லாரியில் ஏறினார். நான் பத்தாவது வரை போனது அவர் சம்பாத்தியத்தில். பிறகு சித்தூரில் குடியேறி, சொந்தமாக ஒரு லோடு வண்டி வாங்கினார். பங்காருபாளையம் மண்டியில் மாங்காய் ஏற்றித் திருப்பதியில் இறக்குவார். சனிக்கிழமை ஒரு வேளைதான் சாப்பாடு. சூடம் காட்டாமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை.

வண்டி வேலை முழுவதையும் அவரே செய்வார். முக்கியமாகக் கமான் வேலை. சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்குகிற இரும்புப் பட்டைகளின் கட்டுதான் கமான். அதை அச்சோடு சேர்த்துப் பிடிப்பது யு போல்ட். அந்த போல்ட்டின் நட்டை முறுக்கி முடித்ததும், ஆஞ்சநேயர் கோயில் சிந்தூரத்தை நல்லெண்ணெயில் குழைத்து, நட்டிலிருந்து கீழே இருக்கிற தகடு வரை விரலால் ஒரு கோடு இழுப்பார். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். காலையில் குனிந்து நாலு சக்கரத்தையும் பார்த்துவிட்டு, "சாமி நகரல, போலாம்" என்பார்.

ஆறு வருடத்துக்கு முந்தைய மாங்காய் சீசனில், பின்பக்க இடது கமானில் ஒரு பட்டை விரிசல் விட்டு வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அண்ணன் புதுப் பட்டை வாங்கி வந்து வீட்டிலேயே மாற்றுவதாகச் சொன்னார். அண்ணி ஒப்பவில்லை. முந்தின வருடம் ஜாக்கி நழுவி அண்ணன் பாதம் நசுங்கியது அவர் கண்ணிலேயே இருந்தது. நானும் அண்ணியின் பக்கம் சேர்ந்தேன்.

"அறுவது வயசுல வண்டிக்கு அடில படுத்துக்கினு இன்னாண்ணா வேல? மச்சான் ஒர்க்ஷாப்புல கமான் வேல மட்டுந்தான். பிரஸ் மிஷின் கீது, அளவு பாக்கறதுக்கு ஆளு கீது."

"மிஷின் நல்ல மிஷின்தான்டா. முறுக்கற கை யாருதுன்னு பாரு."

"நம்ம மச்சான் கைதானே?"

"அதான்டா பயம்" என்று சிரித்தார். அண்ணியும் சிரித்துவிட்டார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவர் மகனுக்கு என் மகளைப் பேசி முடித்திருந்த நேரம் அது. மறுநாள் அண்ணனும் நானும் வண்டியைச் சித்தூர் பைபாஸில் இருக்கிற அவர் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனோம். பழைய யு போல்ட்டைத் திரும்பப் போட வேண்டாம், திருகு மரை தேய்ந்துவிட்டது என்று அண்ணன் தெளிவாகச் சொன்னார். "புதுசு போடறேன் மாமா, போய் டீ குடிங்க" என்று மச்சான் எங்களை அனுப்பினார். திரும்பி வந்தபோது வேலை முடிந்து, அந்த ஒரு கமான்மேல் முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தது.

அண்ணன் சிந்தூர டப்பாவைத் திறந்து குனிந்தார். மச்சானுக்கு முகம் மாறியது.

"இன்னா மாமா, என் வேலைமேல உங்க கோடா? நாலு டிரைவருங்க பாக்கறான். என்ன நம்பலன்னு ஊருக்கே சொல்றீங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "விடுண்ணா. சம்பந்தி வூட்டு வேல. மரியாத இல்ல."

அவர் டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். நான் சொன்ன மரியாதைக்காக, வீட்டுக்கு வந்தும் அந்தச் சக்கரத்தில் கோடு போடவில்லை. அண்ணனைச் சாகடித்த கைகளில் என் கையும் ஒன்று. அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றவன் கையை எழுதுகிறேன்.

பதினோராம் நாள், பாகாலா தாண்டி ஒரு வளைவில், மாங்காய் பாரத்தோடு இடது பின்பக்க நட்டு தளர்ந்து யு போல்ட் அறுந்தது. அச்சு விலகி வண்டி கவிழ்ந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் அண்ணனைச் சேர்த்தார்கள். வாயில் குழாய், பேச்சு இல்லை. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. இரண்டாம் நாள் மச்சான் வந்தார். உறவுக்காரர்கள் பத்துப் பேர் நடுவில், கட்டிலருகே நின்று, "எத்தனவாட்டி சொன்னேன் மாமா, வூட்டுலயே ரிப்பேரு பண்ணாதீங்கன்னு. என்கிட்ட கொண்டாந்திருந்தா இப்டி ஆயிருக்குமா?" என்று கண்ணைத் துடைத்தார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மெல்லக் கையைத் தூக்கி, போர்வைமேல் ஆட்காட்டி விரலால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். மறுபடியும் இழுத்தார். எனக்குப் புரிந்தது. வெளியே போய், வண்டி கிடந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். மூன்று சக்கரத்தில் சிந்தூரக் கோடு அழியாமல் இருந்தது. நாலாவதில் கறுப்பு பெயின்ட் மட்டும். அறுந்த போல்ட்டைத் திருப்பதியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்து, "ஏமண்ணா, இதி பாததே கதா" என்று தெலுங்கில் சொன்னார். பழசாச்சே என்று. தேய்ந்த மரை அப்படியே இருந்தது.

திரும்பி வந்து அண்ணன் காதில், "பாத்தேண்ணா. உன் கை இல்ல" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். நான் எல்லோரிடமும் சொல்லிவிடுவேன் என்று நம்பித்தான் மூடினார். மறுநாள் உயிர் போனது. நான் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் என் மகள் கல்யாணம் அந்த வீட்டில் நடந்தது.

உங்களில் பலர் இன்றும், கைவேலையில் பிடிவாதம் பிடித்து உயிரை விட்டவர் என்றுதான் அண்ணனைப் பேசுகிறீர்கள். அதைப் பொறுத்திருந்தேன். போன தை மாதம் பங்காருபாளையம் மண்டியில் ஒரு டிரைவர், நான் யார் என்று தெரியாமல், எனக்கே புத்தி சொன்னார். "கமான் வேலைய வூட்ல செய்யாதண்ணா. சித்தூர் ஒர்க்ஷாப்காரர் சொல்லுவாரு, அவரு சொந்தக்காரரே அப்டித்தான் செத்தாராம்." என் அண்ணனின் சாவைச் சொல்லி அந்த மனிதர் தொழிலுக்கு ஆள் பிடிக்கிறார்!

என் மகளிடம் போனேன். எல்லாம் கேட்டவள், "எழுது நைனா. நா அந்த வூட்ல வாழறதுக்காக பெரிநைனா பேரு சாவணுமா?" என்றாள்.

மச்சானைக் காணிப்பாக்கத்துக்குக் கூப்பிட்டேன். அங்கே குளத்தில் முழுகிப் பிள்ளையார் முன்னால் யார் பொய்ச் சத்தியம் செய்வார்கள்? படிக்கட்டு வரை வந்தார். தண்ணீரைப் பார்த்தார். "சளி புடிச்சிக்கினு கீது மாப்ள, தல முழுவக் கூடாது" என்று திரும்பிவிட்டார். நான் முழுகினேன். மேலே எழுதிய அத்தனையும் ஈரத்துணியோடு சந்நிதியில் சொல்லி வந்தவை.

ஒர்க்ஷாப்புக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வளைந்த பட்டையை வீட்டில் நிமிர்த்த முடியாது, அதற்கு மிஷின் வேண்டும். யார் முறுக்கினாலும், மாமனோ மச்சானோ, உங்கள் கோட்டை நீங்கள் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள். முகம் சுளிக்கிறவனிடம் வேலை கொடுக்காதீர்கள்.

மன்னித்துவிடு என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். அண்ணன் மன்னித்திருப்பார். நான் அண்ணன் இல்லை. பழி தீர்க்கத்தான் எழுதுகிறேன். இந்தத் திவசத்துக்கு மச்சான் வருவார், சம்பந்தி என்று முன்வரிசையில் உட்காருவார். அண்ணன் படத்தின் முன்னால், அன்று கழற்றி நான் பத்திரமாக வைத்திருக்கிற நாலு சக்கரத்து போல்ட்டும் தகட்டோடு வாழையிலையில் இருக்கும். மூன்றில் கோடு, ஒன்றில் இல்லை. இலை போடுவதற்கு முன் இந்த மலரின் முதல் பிரதியை அவர் கையில் என் மகள் கொடுப்பாள். எல்லோரும் படித்து முடித்த பிறகுதான் பந்தி.

கவிழ்ந்த வண்டியிலிருந்து அண்ணனை இழுத்து மடியில் கிடத்திய, பெயர் தெரியாத பால் வண்டிக்காரருக்கும், தண்ணீர் கொடுத்த தாய்க்கும், மூன்று நாளும் அவர் முகத்தைத் துடைத்துவிட்ட நர்ஸம்மாவுக்கும், வண்டி ஒர்க்ஷாப்புக்குப் போனது தெரிந்தும் ஆறு வருடம் என்னை ஒரு கேள்வியும் கேட்காத அண்ணிக்கும் என் நமஸ்காரம்.

படித்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். மச்சான்மேல் ஒரு சொல் கூட்ட வேண்டாம், என்மேல் ஒரு சொல் குறைக்க வேண்டாம். நட்டு நகர்ந்ததா என்று கோட்டைப் பார்த்தால் தெரியும் என்பார் அண்ணன். அன்று அவரைப் போட விடாமல் தடுத்த கோட்டை இன்று நான் போட்டிருக்கிறேன். யாரும் இதை நகர்த்தாதீர்கள்.