யாரும் பார்க்காத கண்

ஒரகடம் கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் லைன். நகத்தளவு சர்க்யூட் போர்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். கண்தான் என் சோறு. மாஸ்க் போட்டால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது என்று சொன்னதற்கு, கண்ணில் வைக்கும் கான்டாக்ட் லென்ஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னார் சூப்பர்வைசர். லென்ஸ் விற்றவரோ, லென்ஸ் கழுவும் சொல்யூஷன் தீர்ந்துபோனால் தண்ணீரில் அலசிப் போட்டுக்கொள்ளலாம் என்றார். விற்பவருக்குத் தெரியாதா என்று, பிள்ளைப்பாக்கம் வீட்டுத் தொட்டித் தண்ணீரில் அலசிப் போட்டேன்.

வலது கண் சிவந்தது. எங்கள் பக்கம் சிவந்த கண்ணுக்கு ஒரே பெயர், மெட்ராஸ் ஐ. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியானது. கேட்டில் செக்யூரிட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். மெடிக்கல் ஷாப்காரர் சொட்டு மருந்தை மேஜை மேல் தள்ளிவிட்டார். சரி, இவர்களை விடுங்கள். கிளினிக் டாக்டருமா? சிவப்பை மறைக்கப் போட்டிருந்த கூலிங் கிளாஸை அவரிடம் காட்டக் கழற்றப் போனேன்.

“வேணாம்மா, போட்டுகினே இரு” என்று சொல்லிவிட்டு, அதே சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார். கண்ணைப் பார்க்காமல் கண்ணுக்கு வைத்தியம்! இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த மருந்தைக் கண்ணில் விட விடச் சிவப்பு குறைந்தது, வலி ஏறியது. வெளிச்சம் பட்டாலே துடித்தேன். ஜன்னலில் போர்வை கட்டிவிட்டு, வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள் அம்மா. பார்வை மங்கி, எதிரில் நிற்கும் அம்மாவே வெறும் நிழலாகத் தெரிந்தபோதுதான் சென்னைக்கு, கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு டாக்டரம்மா கருவியில் என் தாடையை வைக்கச் சொல்லி, இமையை விரலால் பிரித்து நெடுநேரம் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. லென்ஸ் போடுவதுண்டா, எதில் கழுவுகிறாய் என்று கேட்டார். மரத்துப்போக மருந்து விட்டு, கருவிழியின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். தண்ணீரில் வாழும் அமீபா. கண்ணுக்கு அபூர்வமாகத்தான் வருமாம். நான் விட்டுக்கொண்டிருந்தது ஸ்டீராய்டு. அது நோயை அமுக்கிக் காட்டி உள்ளே வளரவிட்டிருக்கிறது. புது மருந்து மணிக்கொரு சொட்டு, ராத்திரியிலும். அம்மாவும் நானும் முறை வைத்து விழித்திருந்தோம். பிறகு அளவு குறைந்து மாதக்கணக்கில் ஓடியது.

பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. ஆனால் கருவிழியில் தழும்பு இருக்கிறது. மயிரிழை விரிசல் இனி எனக்குத் தெரியாது. என்னை பேக்கிங்கில் போட்டார்கள். எச்.ஆர். மேடம் கூப்பிட்டு, ஏதோ பரிசு தருவதைப் போலச் சொன்னார்.

“இனிமே இன்ஸ்பெக்‌ஷன்ல லென்ஸ் போட்டா உடனே வேற லைனுக்கு மாத்திடுவோம். உன்னாலதாம்மா இந்த ரூலே வந்துச்சு.”

“மாஸ்க்க மாத்துனீங்களா மேடம்? தண்ணில கழுவக்கூடாதுன்னு யாருக்காவது சொன்னீங்களா?”

அதெல்லாம் அவருடைய டிபார்ட்மென்ட் இல்லையாம்.

இன்றும் அந்த லைனில் பெண்கள் லென்ஸ் போடுகிறார்கள், யாருக்கும் தெரியாமல். கண் சிவந்தால் இனி அவர்களே காட்டமாட்டார்கள்.