கடைசியா ஆர் கை வச்சது?

ரபீக்கா இந்தக் கேள்வியைக் கேட்கும்போது கணினியைப் பார்ப்பதில்லை. அறையில் நிற்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரியாக இருந்தாலும் அவர் கண் தன்மேல் வந்து நிற்கும்போது எச்சில் விழுங்காமல் இருக்கமாட்டார்.

ஐம்பது வயதை நெருங்கும் குட்டையான பெண். கிண்ணியாவில் பிறந்து திருகோணமலை நகரத்தில் குடியிருக்கிறார். துறைமுகப் பக்கத்துக் கந்தோர்களிலும் கடற்கரை விடுதிகளிலும் கணினி திருத்துவதுதான் தொழில். திருப்புளிகளைச் சோற்றுப் பெட்டியில் அடுக்கி ஸ்கூட்டரில் கொண்டுவருவார். விசைப்பலகை துடைக்க ஒரு பழைய பல்துலக்கி. சோறு வேறு பெட்டியில் இருக்கும். அவசரத்தில் பெட்டி மாறி, மேசைமேல் கத்தரிக்காய்ப் பால்கறியைத் திறந்து வைத்த நாளும் உண்டு.

“கொம்பியூட்டர் தானாப் பழுதாகாது. ஆரோ ஒராள் பழுதாக்கினதுதான். அந்த ஆளைப் புடிச்சாச் சரி” என்பார். ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் எல்லோரும் தலையை ஆட்டி மறுத்தபோது, அவர் விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினார். முறுக்குத் துண்டுகள் விழுந்தன. சட்டத்தரணியே எழுந்து ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து ரபீக்காவுக்குத் தன் மேல் அளவுகடந்த நம்பிக்கை. பாதி நேரம் அவர் பிடிக்கும் ஆள் தவறான ஆள் என்பது வேறு விஷயம்.

உப்புவெளியில் தங்கத்துரையும் மனைவி இராசமலரும் நடத்தும் சிறிய விடுதிக்கு, கொழும்பிலிருந்து வரும் என் உறவினருக்கு அறை கேட்டு ஒரு காலை போயிருந்தேன். ரபீக்கா அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். வரவேற்பு மேசைக் கணினியில் கோப்புகளைத் திறந்தால் திரை வெளுக்கிறது. பிறகு துடிக்கிறது. திரையில் உள்ள சின்னப் படங்கள் எல்லாம் மறைந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. கடைசியில் ஒரு டிரைவின் மேல் மட்டும் பெருக்கல் குறி போல ஒரு சிவப்புப் புள்ளடி. அந்த டிரைவ் மேல்மாடியில் தங்கத்துரையின் கணினியில் இருப்பது. எந்த அறை யாருக்கு என்ற விபரம் முழுவதும் அதற்குள்தான்.

அது திறக்காததால் இராசமலர் நினைவை வைத்தே அறை கொடுத்துவந்தார். அன்று காலை ஒரு குடும்பம் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்த அறைக்குள் இன்னொரு குடும்பம் பெட்டிகளோடு நுழைந்துவிட்டது. இரண்டு குடும்பமும் முற்றத்தில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

“கடைசியா ஆர் கை வச்சது?”

“நான் ஒண்டும் செய்யேல்லை” என்றார் இராசமலர்.

“நானும் ஒண்டும் செய்யேல்லை” என்றார் தங்கத்துரை, மனைவி சொல்லி முடியுமுன்பே.

ரபீக்கா முதலில் திரையின் வயரைச் சந்தேகித்து மாற்றினார். திரை பழையபடி துடித்தது. அடுத்து இணைய இணைப்புப் பெட்டியின் மேல் சூட்டுக்குப் படுத்திருந்த பூனையைச் சந்தேகித்தார். “இந்தா, கள்ளன்!” என்று தூக்கி வெளியே விட்டார். பூனை யன்னலால் திரும்பி வந்து அதே இடத்தில் படுத்தது. புள்ளடியும் அதே இடத்தில்தான் இருந்தது.

அதன் பிறகுதான் அவர் கதிரையில் உட்கார்ந்து கணினியைப் பார்த்தார்.

“இது மேல இரிக்கிறதத் தேடுது. பேர் சொல்லிக் கூப்பிடுது, பதில் இல்ல. பதில் வரும் வரும் எண்டு மத்த வேலை எல்லாத்தையும் விட்டுட்டு நிக்கிது. அதான் இந்தத் துடிப்பு” என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். தங்கத்துரை பின்னால் ஓடினார். “அங்க ஒரு பிரச்சினையும் இல்லை, தங்கச்சி, அது நல்லாத்தான் கிடக்கு.”

சற்று நேரத்தில் மேலிருந்து ரபீக்காவின் குரல் வந்தது. மெதுவாகப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

“இந்தக் கொம்பியூட்டர்ட பேர மாத்தியிரிக்கி! முந்தி ‘மேல்மாடி’. இப்ப பேரு நிப்லா!”

முற்றத்தில் இருந்த இரண்டு குடும்பங்களும் நிமிர்ந்தன. இராசமலர் கையிலிருந்த சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.

ரபீக்கா இறங்கி வந்து, செத்துப்போன இணைப்பை வெட்டிவிட்டு, புதுப் பெயரைக் கொடுத்து மறுபடி இணைத்தார். திரை அடங்கியது. புள்ளடி போய்விட்டது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, “அப்ப நான் வாறன்” என்றார்.

“நில்லுங்கோ தங்கச்சி.” இராசமலர் கணவன் பக்கம் திரும்பினார். “ஆர் அந்த நிப்லா?”

“ஆள் இல்லை. வள்ளம்.”

“என்ன வள்ளம்?”

“டொல்பின் காட்டக் கூட்டிக்கொண்டு போற வள்ளம்.”

“ஆரின்ர வள்ளம்?”

தங்கத்துரை பூனையைப் பார்த்தார். “எங்கட.”

ரபீக்கா வாசலில் நின்றபடி ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டார்.

“மூதூர் போற லோஞ்சில ஏறினாலே வாந்தி எடுக்கிற ஆளுக்கு வள்ளமோ?” என்றார் இராசமலர்.

“நான் கரையில நிண்டு ஆக்களை ஏத்துவன். ஓட்ட வேற ஆள்.” தங்கத்துரையின் குரல் கெஞ்சியது. “முந்தி வச்சிருந்தவற்ற பேத்தியின்ர பேர் அது. வாங்கின சந்தோசத்தில கொம்பியூட்டருக்கும் வச்சிட்டன்.”

இராசமலர் திறந்திருந்த டிரைவுக்குள் போனார். அறை விபரத்துக்குப் பக்கத்திலேயே வள்ளத்தின் படங்கள் இருந்தன. நீல வள்ளம், மணலில். ஒவ்வொரு படத்திலும் தங்கத்துரை விளிம்பில் கை வைத்தபடி புது மாப்பிள்ளை போல் நிற்கிறார். ஒன்றிலும் தண்ணீரில் கால் இல்லை. இராசமலர் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“எனக்குச் சொன்னா வேண்டாம் எண்டுவன் எண்டுதானே மறைச்சனீங்கள்?”

“ஓம்.”

“வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன்.” குரல் கொஞ்சம் உடைந்தது. அதை மறைக்க மூக்கை உறிஞ்சினார். தங்கத்துரை தலையைக் குனிந்துகொண்டார். இராசமலர் கடைசிப் படத்தைப் பெரிதாக்கினார். “மேல கூடாரம் ஒண்டும் இல்லையே. வெயிலுக்குச் சனம் எப்பிடி இருக்கும்?”

“அது… அடிக்க வேணும்.”

“எங்க நிக்குது?”

“பின்னால கடற்கரையிலதான். ஓலை போட்டு மூடி வச்சிருக்கிறன்.”

“நடவுங்கோ.”

இருவரும் பின்வாசலால் இறங்கினார்கள். இராசமலர் முன்னே, தங்கத்துரை பின்னே. மதிலுக்கு அப்பால் அவர்கள் தலைகள் மறைந்தன. குரல்கள் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. முற்றத்துக் குடும்பங்கள் தங்கள் அறை என்னவாயிற்று என்று கேட்க உள்ளே வந்தன. ரபீக்கா உதட்டில் விரலை வைத்து அவர்களை அடக்கினார். ஒரு கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அதன் மேல் ஏறி, மதிலுக்கு மேலாகக் கழுத்தை நீட்டினார்.