நாலாவது துளையில் இருந்த பட்டு

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், தெருக்காரர்களுக்கும், அக்காவின் காரில் ஒரு முறையாவது ஏறி இறங்கியவர்களுக்கும் அவருடைய தங்கை கமலாவின் வணக்கம்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நோட்டில் எழுதிக் கொடுத்ததை அக்காவின் மகன் சரவணன் கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறான். எழுத்துப் பிழையை மட்டும் திருத்து, வேறு எதிலும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். அப்படியும் பயம் விடவில்லை. மூன்று முறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன்.

முதல் கட்டுரையை ரஹீம் பாய் எழுதட்டும் என்றுதான் சரவணன் சொன்னான். பாய் செவிலிமேட்டில் கார் பட்டறை வைத்திருக்கிறவர். பதினான்கு வருடம் அக்காவின் காரைப் பார்த்துக்கொண்டவர். "அம்மாவைப் பத்தி அவருக்குத்தான் சித்தி நிறையத் தெரியும்" என்றான் பிள்ளை. எனக்கு வயிறு எரிந்தது. "நான் கூடப்பொறந்தவடா. அவரு கடைசிப் பக்கத்துல எழுதிக்கட்டும்" என்றேன். அதனால்தான் இது முதல் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இன்ஜின் மாற்றிய கதையை அக்கா உங்களில் பலருக்குச் சொல்லியிருப்பார். "என் தங்கச்சி ஓடியாரலன்னா இந்த வண்டியே இல்ல" என்று முடிப்பார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியை நான் அவரிடம் சொல்லவே இல்லை. இங்கேயும் விட்டுவிட்டால் அதைச் சொல்ல எனக்கு வேறு இடம் கிடையாது.

அக்கா பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரக் குடும்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தார். மூன்று வருடம் கழித்து நான். அப்பா கோர்வைச் சேலை நெய்பவர். சேலையின் உடலை அப்பா நெய்ய, கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அந்த இடம் எனக்கு வந்தது. அக்கா பன்னிரண்டாவது வரை படித்தார். பெரியவளைப் படிக்க வைத்துவிட்டுச் சின்னவளைத் தறியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேசுவார்கள். பேசட்டும் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். உண்மை அது அல்ல. கணக்குப் பரீட்சைக்குப் பயந்து காய்ச்சல் வந்து படுத்தவள் நான். "நான் நின்னுக்கறேம்பா, அவ போகட்டும்" என்று அக்கா அப்பாவிடம் கேட்டார். ஐயோ, என்னை அனுப்பாதே என்று அழுதவளும் நானேதான். அப்படியிருந்தும் அக்கா சீருடை போட்டுக்கொண்டு தறியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நூல் அறுப்பேன். அப்பா திட்டுவார். அதையும் அக்கா கணக்கில் எழுதி வைத்துக்கொள்வேன்.

அக்காவுக்கு வாய்த்த மாமா கார் ஓட்டுபவர். டீசல் கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மாரடைப்பில் போய்விட்டார். சரவணனுக்கு அப்போது ஆறு வயது. காரை விற்றுவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. "வித்துட்டு எத்தினி நாளைக்கு உக்காந்து துன்றது? நானே ஓட்டறேன்" என்றார். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ரஹீம் பாய். அவர் அக்காவைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான். அக்காவுக்கு ஒரே தங்கச்சி நான். என் அக்கா போய் இன்னொருவருக்குத் தங்கச்சியானது எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

அக்காவின் குணத்தை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பிரசவத்துக்கு ஏற்றிப்போன பெண்ணை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட மாட்டார். குழந்தை பிறந்த செய்தி காதில் விழுகிற வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். கருடசேவைக்கு நடக்க முடியாத கிழவிகளைச் சின்ன காஞ்சிபுரம் வரை கொண்டுபோய்க் கும்பிட வைத்துக் கூட்டி வருவார். தெருவில் அவர் கார் நுழைந்தால் பத்துப் பேர் கையைத் தூக்குவார்கள். நான் நெய்த சேலையைக் கட்டிக்கொண்டு மணமேடையில் உட்காருகிற பெண்ணுக்கு என்னை யாரென்று தெரியாது. அவளைக் கோயிலுக்கு ஏற்றிப்போன அக்காவைக் கல்யாணப் போட்டோவில் நிற்க வைத்திருப்பார்கள். அந்தப் போட்டோவையும் அக்கா என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்.

இன்ஜின் போனது ஆறு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில். உத்திரமேரூரிலிருந்து ஒரு நிச்சயதார்த்தக் கூட்டத்தை ஏற்றி வந்தபோது பாலாற்றுப் பாலம் தாண்டியதும் 'டமார்' என்று சத்தம். வண்டி நின்றுவிட்டது. கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். பாய் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பெல்ட்டு அறுந்து வால்வெல்லாம் மடங்கிப்போச்சு தங்கச்சி. பிஸ்டன் ஒடைஞ்சி பிளாக்கும் வெடிச்சிருக்குது. இத்த சரி பண்றது வேலைக்கே ஆவாது. ஓடின இன்ஜின் நல்லதா ஒண்ணு பாத்து மாத்திடலாம்."

அடுத்த மாதத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தினமும் ஏற்றிப்போக அக்கா ஒத்துக்கொண்டிருந்தார். அதற்குள் கார் ஓடாவிட்டால் அந்த வேலை வேறு வண்டிக்குப் போய்விடும். அக்காவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கோ உள்ளே ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. கார் போனால் அக்கா வீட்டில் இருப்பார், தறியில் என் பக்கத்தில் உட்காருவார் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

பழைய இன்ஜின் பார்க்க மூன்று பேரும் சென்னைக்குப் போனோம். பழைய வண்டிகளின் பாகங்களை மலைபோலக் குவித்து விற்கிற தெரு அது. பாய் ஒவ்வொரு இன்ஜினையும் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே விரல் விட்டு முகர்ந்தார். ஒன்றைப் பார்த்ததும் அவரும் அக்காவும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். எனக்கு மட்டும் கவலை. கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏம்பா, இது ஆக்சிடென்ட்டுல செத்துப்போன வண்டியோடதா?"

"யம்மா, உயிரோட இருக்கற வண்டியோட இன்ஜினை எவம்மா கழட்டிக் குடுப்பான்?"

அக்கா வீடு வந்து சேரும் வரை சிரித்துக்கொண்டே வந்தார். பாயும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்கு ஆகவில்லை.

பாய் பட்டறையில் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது. வடிகிற வரைக்கும் இன்ஜினை எங்கள் வீட்டில், தறிக்குப் பக்கத்தில் பலகை போட்டு இறக்கினார்கள். தறியில் அப்போது அரக்கு நிறத்தில் ஒரு முகூர்த்தச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. ஆயில் வாடை பட்டில் ஏறிவிடுமோ என்று ஒரு கவலை. யார் செத்த வண்டியோ என்று இன்னொரு கவலை. எலுமிச்சம்பழம் நறுக்கிக் கற்பூரம் சுற்றிக் கழித்தேன். பிறகு இன்ஜினைச் சுற்றி வந்து பார்த்தேன். காற்று உள்ளே போகிற நாலு துளைகளிலும் பாய் அழுக்குத் துணியைத் திணித்திருந்தார். அது தளர்ந்து தொங்கியது. பல்லி போய்விட்டால்? தறித் தூசி இறங்கிவிட்டால்? அவர் துணியை எடுத்து எறிந்துவிட்டு, தறியில் கழிந்த அரக்குப் பட்டு நூலை உருண்டையாகச் சுருட்டி நாலு துளையிலும் இறுக்கி அடைத்தேன். இழுத்து எடுக்க வசதியாக ஒவ்வொன்றிலும் வால் போல நூலை வெளியே விட்டேன். நாலாவதை மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டேன். வால் உள்ளே போய்விட்டது. பட்டறைக்குப் போனதும் பாயிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

இன்ஜினைப் பூட்டுகிற அன்று நானும் பட்டறைக்குப் போனேன். பாய் வாலைப் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று உருண்டைகளை இழுத்து எடுத்தார். "யார்ரா இது, இன்ஜினுக்குப் பட்டு உடுத்தி வுட்டது?" என்று சிரித்தார். நாலாவது துளை இருட்டாக இருந்தது. அதை நான் அடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பாய் அக்காவிடம் சொன்னார்.

"தங்கச்சி, வண்டி ஓடினதும் மொத சவாரி நம்ம வூட்டுக்குத்தான். உங்க பாபி பிரியாணி செஞ்சி வெக்கிறேன்னு சொல்லிக்கீறா."

"முன் சீட்டுல பாபியத்தான் உக்கார வெப்பேன். சொல்லிடுங்க அண்ணே" என்றார் அக்கா. பாபி என்பது பாயின் மனைவியை.

முன் சீட்டு. மாமா போன பிறகு அந்தச் சீட்டில் உட்கார என்னை அக்கா எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார். பயமாக இருக்கிறது என்று நான்தான் பின்னால் உட்காருவேன். அதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். தறியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்து தறியில் உட்கார்ந்தேன். அதே அரக்குப் பட்டு. நாடாவைத் தள்ளினால் நூல் அறுகிறது. முடிச்சுப் போட்டு மறுபடி தள்ளினால் மறுபடி அறுகிறது. இன்ஜினைப் பூட்ட மதியம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் முழுக்க நான் உட்கார்ந்தே இருந்தேன். மணி இரண்டானது. அக்கா சாவி போடுவது என் கண்ணுக்குத் தெரிந்தது. எழுந்து ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி, செவிலிமேட்டில் இறங்கி ஓடினேன். அக்கா ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். பாய் சாமந்திப் பூ மாலையைக் காருக்கு மாட்டிக்கொண்டிருந்தார்.

"சாவி போடாத! அக்கா, போடாத! உள்ள பட்டு இருக்குது!"

பாய் மறுபடி பாதி வேலையைப் பிரித்தார். கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தார். அரக்கு உருண்டை வந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யா அல்லா! இது வால்வுல சிக்கியிருந்தா இந்த இன்ஜினும் போயிருக்கும் தங்கச்சி."

அக்கா என்னைப் பார்த்தார். என் வெறும் காலைப் பார்த்தார்.

"எப்படி ஞாபகம் வந்துச்சுடி?"

"தறியில உக்காந்தேனா, பட்டப் பாத்ததும் ஞாபகம் வந்துது" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். அக்கா அந்த உருண்டையை வாங்கி, கார்க் கண்ணாடியில் நூல் போட்டுத் தொங்கவிட்டார். ஏறுகிறவர்கள், "இது இன்னாமா, மாலையா?" என்று கேட்பார்கள். அக்கா கதையைச் சொல்வார். தங்கச்சி செருப்பில்லாமல் ஓடி வந்தாள் என்பார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். தெருவில் என்னைப் பார்த்து, இன்ஜின் ஆயா என்று கூப்பிடுவார்கள். அக்காவுக்குக் கிடைக்கிற பேர் எனக்குக் கிடைக்கவில்லையே என்று இத்தனை வருடம் பொருமியவள் நான். கிடைத்த ஒரே பேர் இதுதான். ஒரு நாள்கூட அதை நிம்மதியாகக் கேட்க முடியவில்லை.

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. பரிசோதனைக்குக் கூட்டிப் போனவர் பாய். மூன்று முறை போய் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரைப் பிடித்துக் கத்தினேன். "நான் கூடப்பொறந்தவ. நீங்க யாரு?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க பயந்துக்குவீங்கன்னு தங்கச்சி சொன்னாங்க" என்றார். அன்றைக்கு அவரிடம் பேசிய பேச்சுக்கு இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அக்கா முதலில் அவரிடம் சொன்னது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

கடைசி வாரத்தில் ஒரு நாள் அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சாவியைக் கையில் வைத்தார். "வண்டி நின்னுக்கினே இருந்தா பேட்டரி எறங்கிடும். தெனமும் காலையில ஸ்டார்ட் பண்ணி வை. பாய்கிட்ட சொல்லல, உங்கிட்டதான் சொல்றேன்" என்றார். "எனக்குப் பயமா இருக்குதுக்கா" என்றேன். "நீ சொல்றவரைக்கும் நான் சாவி போடலல்ல? இப்ப நான் சொல்றேன், போடு" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவை நன்றாகப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், அக்காவைக் கடைசியாகச் சுமந்த கார் ஸ்டாண்டு தம்பிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ரஹீம் பாய்க்கும் அவர் மனைவிக்கும் தனியாக நன்றி. முதல் சவாரியில் போய் அவர்கள் வீட்டில் சாப்பிட்ட பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு போனதும், மதியம் வரை தறியில் உட்கார்ந்திருந்ததும் அக்காவுக்குத் தெரியுமா, தெரியாதா என்பது எனக்குத் தெரியாது. பாய்க்குத் தெரிந்திருக்கலாம். அக்கா அவரிடம் எல்லாவற்றையும் சொல்கிறவர். கேட்டால் சொல்லிவிடுவார். கேட்க மாட்டேன். அக்காவைப் பற்றி அவரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் நான் இல்லை.

தினமும் காலையில் ஏறி உட்கார்ந்து சாவி போடுகிறேன். கண்ணாடியில் பட்டு ஆடுகிறது. இன்ஜின் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

தங்கை,
கமலா
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்