மாப்பிள்ளை கொண்டு வந்த சைக்கிள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. கல்முனைக்கு வடக்கே, மருதமுனையில் எனக்குக் கல்யாணமாகி ஒரு வருசம்கூட நிறையவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் புருசன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு, வளவு, கிணறு, தென்னை எல்லாம் பெண்ணின் பெயரில்தான் இருக்கும். என் வாப்பா எனக்கு வீட்டோடு ஒரு கைத்தறியும் தந்திருந்தார். சாய்ந்தமருதிலிருந்து வந்த என் கணவர் கொண்டு வந்தது ஒரு சூட்கேசும் ஒரு சைக்கிளும்தான்.

அந்தச் சைக்கிளைச் சொல்லத்தான் வேண்டும். கறுப்பு நிறம், இங்கிலாந்துச் சாமான். சீட்டுக்கு வெல்வெட் உறை போட்டு, ஓரத்தில் குஞ்சம் வைத்திருந்தார். இரண்டு சில்லின் நடுவிலும் நிறம் நிறமாய் நார்ப்பூ சுற்றும். கல்முனையில் ஒரு துணிக்கடையில் அவருக்கு வேலை. காலையில் சைக்கிளைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் வெளிக்கிடுவார். கல்யாணமான புதிதில் அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு நான் அந்தச் சைக்கிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதை அவர் ஒரு நாள் விற்றுவிட்டார். யாரும் விற்கச் சொல்லவில்லை. இரண்டாவது தறி ஒன்று போட்டால் நல்லது என்று நான் சும்மா வாய்விட்டுச் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். தறி வந்து இறங்கிய பிறகுதான் சைக்கிள் போனது எனக்குத் தெரியும். இனிமேல் பஸ்ஸில் போகலாம், வெயிலும் படாது என்றார் சிரித்துக்கொண்டு. நானும் நம்பிவிட்டேன்.

ஆனால் ஆள் மாறிப்போனார். நேரத்துக்கு வந்தார், சாப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. தெருவில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலை நிமிரும். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். எனக்கோ ஒரு விசயத்தை அறியாமல் விட்டால் சோறு இறங்காது. நான் பொலிசில் சேர்ந்திருக்க வேண்டியவள் என்று உம்மா சின்ன வயதிலிருந்தே ஏசுவா.

அந்த நேரம் பார்த்து, எங்கள் வீட்டில் நூல் சுற்ற வரும் பெண் ஒரு கதையைக் கொண்டு வந்தாள். அவள் ஊர் கல்முனைக்குப் பக்கத்து நற்பிட்டிமுனை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து என் கணவர் அவர்கள் பக்கம் ஒரு வீட்டு வேலியோரம் நிற்கிறாராம். ஒரு வெள்ளி அல்ல, எல்லா வெள்ளியும். ஆரோடு கதைக்கிறார் என்று கேட்டேன். அது தெரியாது என்று ராட்டையைச் சுற்றத் தொடங்கிவிட்டாள். என் வயிற்றில் நெருப்பைக் கொட்டிவிட்டு அவள் பாட்டுக்கு நூல் சுற்றுகிறாள் பாருங்கள்!

அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கண்ணைத் துடைத்தவுடன் வந்தது கோபம் அல்ல, அந்த வீட்டில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற துடிப்பு. அடுத்த நாள் ராத்தாவையும் கூட்டிக்கொண்டு, தறியில் நெய்த, ஆம்பிளைகள் உடுக்கும் சாரன்களைக் காட்டி விற்கப் போகிற மாதிரி ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். ராத்தா என் மூத்த சகோதரி, என்னைவிடப் பெரிய வாய்க்காரி. அப்படி ஒருத்தி இருந்தால் அவளைத் தான் பார்த்துக்கொள்வதாக வழியெல்லாம் குடையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டைக் கண்டுபிடித்தோம். என் வயதுப் பெண் ஒருத்தி வெளியே வந்தாள். அழகாகவும் இருந்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாரன்களை விரித்துக் காட்டிவிட்டு, எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இந்தப் பக்கம் வந்து போகிறாராமே என்று மெல்லத் தொடங்கினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"நீங்க அந்தச் சைக்கிள்காரர்ட பொஞ்சாதியா கா? வாங்க, உள்ளுக்கு வாங்க. ஒங்களுக்கும் எனக்கும் ஒரே வருத்தம்தான்."

விசயம் இதுதான். சைக்கிளை வாங்கியவர் இவள் கணவர். அவரும் இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர்தான். வாங்கிக் கொஞ்ச காலத்தில் வீட்டுக்கு ஓடு போடுவதற்காக அவரும் அதை விற்றுவிட்டார். என் கணவர் முதலில் சைக்கிளைப் பார்க்க வந்தாராம். அது இல்லை என்று தெரிந்த பிறகும் வருவது நிற்கவில்லை. இப்போது இரண்டு ஆம்பிளைகளும் வெள்ளிக்கிழமைகளில் வேலியோரம் நின்று, இல்லாத சைக்கிளைப் பற்றிக் கதைக்கிறார்கள். ஆள் செத்து மௌத்தான வீட்டில் கதைப்பது போல மெதுவாகக் கதைப்பார்கள் என்று அவள் நடித்துக் காட்டினாள். ராத்தா குடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. உயிர் திரும்பி வந்த சிரிப்பு அது.

ஆனால் திரும்பி வரும்போது ஒரு கேள்வி குடையத் தொடங்கியது. வளர்ந்த இரண்டு ஆம்பிளைகளை இப்படி ஆக்கி வைக்க அந்த இரும்பில் என்ன இருக்கிறது?

அன்று பின்னேரம் அவரிடமே கேட்டேன். நான் நற்பிட்டிமுனைக்குப் போய் வந்ததையும் மறைக்கவில்லை. அவர் முகம் வெட்கத்தில் சிவந்துவிட்டது. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு சொன்னார்.

"கடையில நிண்டா அது முதலாளிட கட. இஞ்ச வந்தா உன்ட ஊடு. உம்மாட்டப் போனா, அது இப்ப தங்கச்சிட ஊடு. ரோட்டுல அதுல போகக்குள்ள மட்டும்தான் புள்ள, நான் ஆர்ட இடத்திலயும் இல்ல."

இந்த வீட்டில் அவருக்கு என்ன குறை வைத்தோம் என்று ஒரு பக்கம் மனம் கொதித்தது. மீன் தலையிலிருந்து தயிர்ச் சட்டியின் ஆடை வரை எல்லாம் மாப்பிள்ளைக்குத்தான். இதற்கு மேல் ஒரு மனிசனுக்கு என்ன வேண்டும்? ஆனாலும் அவர் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. அந்தச் சைக்கிளை எப்படியாவது திருப்பி எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். இல்லாவிட்டால் இந்த மனிசன் என் வீட்டில் காலம் முழுக்க விருந்தாளியாகவே இருந்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

சைக்கிள் சாகாமத்தில் ஒரு வேளாண்மைக்காரரிடம் இருப்பதாக அந்த நற்பிட்டிமுனைப் பெண்ணின் கணவர் இவரிடம் சொல்லியிருந்தார். கையிலிருந்த பொன் காப்பு ஒன்றைக் கழற்றிச் சாரித் தலைப்பில் முடிந்துகொண்டு, அவரை இழுத்துக்கொண்டு புறப்பட்டேன். அக்கரைப்பற்று வரைக்கும் பஸ். ஆலையடிவேம்புக்கு அப்பால் ஒரு உழவு மெசினின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டார்கள். புழுதியில் என் முக்காடு செம்மண் நிறமாகிவிட்டது. அவர் மட்டும் மாப்பிள்ளை கேட்டுப் போகிறவர் மாதிரிச் சட்டையைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டார்.

குளத்துக்குக் கிட்ட இருந்தது வீடு. சைக்கிள் தாழ்வாரத்தில் நின்றது. வெல்வெட் உறை இல்லை, நார்ப்பூ இல்லை. பின்னால் நெல்மூட்டை கட்டுகிற கயிறு தொங்கியது. என் கணவர் அதைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

வீட்டுக்காரர் தமிழர், நல்ல மனிசர். இளநீர் வெட்டித் தந்து வந்த காரியத்தைக் கேட்டார். நான் காப்பை அவிழ்த்து வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. தரமாட்டேன் என்று நேராகச் சொல்லிவிட்டார். தண்ணி இறைக்க மெசின் எடுக்க அதை விற்கச் சொல்லித் தானும் சொல்லிப் பார்த்ததாகவும், வீடு தீப்பற்றினாலும் மனிசன் முதலில் அதைத்தான் வெளியே எடுப்பார் என்றும் உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னாள். அவரும் திருக்கோவில் பக்கமிருந்து இங்கே கல்யாணம் முடித்து வந்தவராம். எங்கள் வழக்கம்தான் அவர்களுக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் கணவரின் முகத்தைப் பார்த்து வீட்டுக்காரருக்கு என்ன தோன்றியதோ, கயிறைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சைக்கிளை இறக்கி வைத்தார்.

"விக்கத்தான் மாட்டன் தம்பி. ஒரு சுத்து ஓடிப்போட்டு வாங்க."

என் கணவர் ஏறினார். முதலில் மெதுவாகத்தான் போனார். குளக்கட்டில் ஏறிய பிறகு கால் வேகம் பிடித்தது. சட்டை காற்றில் உப்பியது. அப்படி ஒரு ஆளை நான் என் வீட்டில் கண்டதே இல்லை. முதுகு நிமிர்ந்து, தலை உயர்ந்து, என்னை ஒரு தரமும் திரும்பிப் பார்க்காமல் போனார். கட்டு வளைகிற இடத்தில் மருத மரங்களுக்குள் மறைந்துவிட்டார்.

வரவில்லை. கட்டு நீளம்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் கட்டின் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். இந்த மனிசன் இப்படியே போய்விட்டால்? அந்தப் பைத்தியக்கார எண்ணம் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் எங்கே வேண்டுமென்றாலும் போயிருக்கலாம். கையில் சைக்கிள் இருந்தது. தெற்கே திருப்பினால் சாய்ந்தமருது, அவருடைய உம்மா வீடு. ஆனால் கடை பூட்டியதும் ஒவ்வொரு நாளும் வடக்கே திருப்பி என்னிடம் வந்தார். சைக்கிள் இருந்தவரைக்கும் அவராக வந்தார். அது போன பிறகு அவரைப் பஸ் கொண்டுவந்து இறக்கியது. அந்தக் குளக்கட்டில் நின்று, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தரமாக, அவர் வர வேண்டுமே என்று நான் ஆசைப்பட்டேன்.

வந்தார். வேர்த்து விறுவிறுத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். சைக்கிளை உரியவரிடம் கொடுத்துவிட்டு, ஹேண்டில் கழுத்துப் பக்கம் கொஞ்சம் எண்ணெய் விடச் சொன்னார்.

அந்த நோன்புப் பெருநாளைக்கு எனக்குச் சாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் காசில் பழைய சைக்கிள் ஒன்று வீட்டுக்கு வந்தது. சங்கிலி கிறீச்சிடும், பிரேக் பாதிதான் பிடிக்கும். பெரிய வடிவும் இல்லை. ஊரில் எல்லார் விசயத்தையும் துருவித் துருவிக் கேட்கிற நான், அவர் அதில் காலைத் தூக்கிப் போட்டுப் புறப்படும்போது மட்டும் எங்கே போகிறீர்கள் என்று இன்றுவரை கேட்டதில்லை.